ஈசிஸ் ஸீ-தீட்டா: ரத்தக்குழாய்ச் செல்களில் தொழிற்சாலை நச்சுகளைச் சோதிக்க இந்தக் கருவியை வாங்கலாமா?

ஒரு வேதிப்பொருள் ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களைக் கொல்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. உயிருள்ள செல்லில் நிறம் மாறும் எம்டிடி சாயமும், அந்த நிறத்தை அளக்கும் சாதாரண பிளேட் ரீடரும் போதும். கொல்லாமலே கெடுக்கும் பொருள்களில்தான் சிக்கல். காட்மியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண்டோதீலியல் என்ற இந்த உட்சுவர் செல்கள் ஒன்றையொன்று விஇ-கேடரின் என்ற புரதத்தால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடி நிற்க, செல்லுக்கு வெளியே கால்சியம் இருக்க வேண்டும். காட்மியம் அயனியின் ஆரமும் கால்சியத்தின் ஆரமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால், கால்சியத்தின் இருக்கையில் காட்மியம் போய் உட்கார்ந்துவிடுகிறது. பிடி தளர்ந்து, செல்களுக்கிடையே இடைவெளி விழுந்து, சுவர் கசியத் தொடங்கும். அந்த நேரத்தில் செல்கள் உயிரோடுதான் இருக்கும். எம்டிடி அளவு பெரிதாகக் குறைந்திருக்காது. அட்டவணையில் 'பாதிப்பில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

அந்தக் கசிவை நிமிடத்துக்கு நிமிடம் எண்ணாகக் காட்டும் கருவிகளில் மூத்தது ஈசிஸ். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் இருக்கும் அப்ளைடு பயோபிசிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. 1973-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஐவர் யேவரும் சார்லஸ் கீஸும் 1984-இல் வெளியிட்ட முறைதான் அடிப்படை: தங்க மின்முனை மேல் செல்லை வளர்த்து, மிகச் சிறிய மாறுமின்னோட்டம் செலுத்தி, மின்தடையைப் பார்ப்பது. ஸீ-தீட்டா அந்த வரிசையில் வந்த மாடல். தொழிற்சாலை வேதிப்பொருள்களை ரத்தக்குழாய்ச் செல்களில் சோதிக்கும் ஆய்வகத்துக்கு இது எந்த அளவு பயன்படும், எங்கே கைவிடும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். கட்டி செல் வளர்ச்சி, வைரஸ் ஆய்வு போன்ற மற்றப் பயன்களுக்குள் போகவில்லை.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு வோல்ட் மாறுமின்னழுத்தம், ஒரு மெகாஓம் தடை வழியாக, ஏறக்குறைய ஒரு மைக்ரோஆம்பியர் மின்னோட்டம். இதனால் செல்லுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. செல்கள் நெருக்கமாக மூடி நின்றால் மின்னோட்டம் செல்களுக்கிடையே நெருங்கிப் போக வேண்டியிருக்கும், மின்தடை ஏறும். இடைவெளி விழுந்தால் இறங்கும். எண்டோதீலியல் செல்லுக்கு 4000 ஹெர்ட்ஸில் மின்தடையையும், 64000 ஹெர்ட்ஸில் மின்தேக்குத்திறனையும் பாருங்கள். இரண்டும் ஏன் வேண்டும் என்பது பின்னால் வரும். முதலாவதை மட்டும் வைத்துக் கட்டுரை எழுதுபவர்கள் நிறையப் பேர், அதில் பாதிச் செய்தி தொலைந்துபோகிறது.

கருவி ஒருமுறை செலவு. செல் வளர்க்கும், அடியில் மின்முனை பதித்த தட்டுகள்தான் தொடர்ந்து காசு தின்னும், அதனால் எந்தத் தட்டு என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். எட்டுக் குழித் தட்டில் இரண்டு வகை முக்கியம். 8டபிள்யூ1ஈ தட்டில் குழிக்கு ஒரே மின்முனை, 250 மைக்ரான் விட்டம். பரப்பு 0.05 சதுர மில்லிமீட்டர்தான், ஆக அது பார்ப்பது சில பத்துச் செல்களை. 8டபிள்யூ10ஈ ப்ளஸ் தட்டில் அதே அளவு மின்முனைகள் குழிக்கு 40. ஆயிரக்கணக்கான செல்களின் சராசரி கிடைக்கும். டோஸ் மாற்றி மாற்றிச் சோதிக்கும் நச்சியல் வேலைக்கு இரண்டாவதுதான் சரி. ஒற்றை மின்முனைத் தட்டில் அந்தச் சில பத்துச் செல்களில் இரண்டு நகர்ந்தாலும் திரையில் மின்தடைக் கோடு ஆடும். குழிக்குக் குழி வேறுபாடு அதிகம். ஆனால் அந்த ஆட்டமே தேவைப்படும் ஓர் இடம் உண்டு. ஆல்டிஹைடு பற்றிப் பேசும்போது சொல்கிறோம்.

செல் தேர்வில் ஓர் எச்சரிக்கை. தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுக்கும் ஹூவெக் செல்தான் பொதுப் பழக்கம்; 1973 முதல் புழக்கத்தில் இருக்கிறது, எளிதில் கிடைக்கும். இரண்டாவது பாசேஜிலிருந்து (செல்லைப் பிரித்துப் புதுத் தட்டில் மறுபடி வளர்ப்பது) ஐந்தாவதுக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் சுவர் பலவீனமாகி, எல்லா நச்சும் பயங்கரமாகத் தெரியும். ஈஏ.எச்ஒய்926 என்பது ஹூவெக்கையும் ஏ549 நுரையீரல் புற்றுச்செல்லையும் இணைத்துச் செய்த கலப்பு. வளர்க்க வசதி, ஆனால் மின்தடைச் சுவர் என்று நம்பிச் சோதிக்க ஏற்றதல்ல. பழைய கட்டுரைகளில் ஈசிவி304 என்ற செல் எண்டோதீலியல் என்ற பெயரில் வரும். அது உண்மையில் டி24 சிறுநீர்ப்பைப் புற்றுச்செல் என்று டிஎன்ஏ சோதனையில் நிரூபணமாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தக் கட்டுரைகளின் டோஸ் எண்களை உங்கள் சோதனைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். வாயு நச்சு பற்றிய கேள்வி என்றால் நுரையீரல் நுண்குழாய்ச் செல்லுக்குப் போவது நல்லது.

தட்டைத் தயார் செய்வதில் செய்முறைக் கையேடு சொல்வதோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தங்கத்தின் பரப்பைச் சீராக்க 10 மில்லிமோலார் எல்-சிஸ்டீன் கரைசல், குழிக்கு 200 மைக்ரோலிட்டர், பத்து நிமிடம். பிறகு மலட்டு நீரால் இரண்டு முறை கழுவல். நச்சியல் வேலைக்கு மூன்றாவது முறையும் கழுவுங்கள். சிஸ்டீனில் இருப்பது கந்தகம் கொண்ட தயால் குழு; ஆர்சனைட், பாதரசம், அக்ரோலின் மூன்றும் தேடிப் பிடிப்பது அதையேதான். குழியில் மிச்சம் இருந்தால் நீங்கள் ஊற்றும் நச்சின் ஒரு பங்கு செல்லுக்குப் போகும் முன்பே செலவாகிவிடும். கழுவிய பின் ஃபைப்ரோனெக்டின் அல்லது ஜெலட்டின் பூச்சு. ஒரே ஆய்வுத் தொடருக்குள் பூச்சை மாற்றாதீர்கள், செல் அடித்தளத்தோடு ஒட்டும் அளவு மாறி அடிப்படை எண்ணே மாறிவிடும்.

குழியின் பரப்பு 0.8 சதுர சென்டிமீட்டர். குழிக்கு 40,000 முதல் 50,000 ஹூவெக், 400 மைக்ரோலிட்டர் ஊடகத்தில். செல்லை விட்டதும் தட்டை நேராக இன்குபேட்டருக்குள் தூக்கிக்கொண்டு ஓடாமல், சமதளத்தில் அறை வெப்பத்தில் 15-20 நிமிடம் அசையாமல் வையுங்கள். இல்லாவிட்டால் சுழற்சியில் செல்கள் ஓரத்திலோ நடுவிலோ குவியும். மின்முனைகள் இருக்கும் இடம் வெறுமையாகிவிடும். நுண்நோக்கியில் குழி நிறைந்திருப்பதாகத் தெரியும், மின்தடை மட்டும் ஏறாது. அடுத்த நாள் ஊடகம் மாற்றி, 48 மணி நேரம் வாக்கில் கோடு மட்டமாகும். நன்றாக நிறைந்த ஹூவெக் 8டபிள்யூ10ஈ ப்ளஸ் தட்டில் 4000 ஹெர்ட்ஸில் சுமார் 1000 ஓமைத் தாண்ட வேண்டும். வெற்றுக் குழி சில நூறு ஓம்தான் இருக்கும். எட்டாத குழியை டோஸ் ஊற்றும் முன்பே கணக்கிலிருந்து நீக்கி, நீக்கியதை நோட்டில் எழுதுங்கள். ஊற்றிய பிறகு நீக்கினால் அது முடிவுக்கு ஏற்றபடி பொறுக்கிய மாதிரி ஆகிவிடும். மென்பொருளில் 'நார்மலைஸ்' பொத்தானை அழுத்தினால் எல்லாக் குழியும் 1.0-இலிருந்து தொடங்கும், மோசமான குழியும் நல்ல குழியும் ஒன்றுபோலத் தெரியும். எனவே அசல் ஓம் எண்களை முதலில் பார்க்காமல் அந்தப் பொத்தான் பக்கம் போக வேண்டாம்.

கருவியில் வரும் பாதித் தொல்லை இணைப்புப் பட்டைகளில்தான். தட்டின் ஓரத்தில் இருக்கும் தங்கப் பட்டைகள் தாங்கியின் ஊசிகளைத் தொட வேண்டும். இன்குபேட்டரின் ஈரப்பதம் குளிர்ந்த தாங்கியின் மேல் வியர்த்தால் இணைப்பு தடுமாறி, கோட்டில் செங்குத்தான குதிப்புகள் வரும். தாங்கியை முந்தைய இரவே இன்குபேட்டருக்குள் வைத்துச் சூடாக்கிவிடுங்கள். பட்டைகளை 70 சதவீத ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு பூட்டுங்கள். மென்பொருளில் 'செக்' கொடுத்து எல்லாக் குழியும் சரி என்று வந்த பிறகுதான் ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். குதிப்பு ஒரே நொடியில் நடந்து அதே உயரத்தில் திரும்பினால் அது மின்இணைப்பு. செல் அப்படி நடந்துகொள்ளாது.

தினமும் நம்பத்தகுந்த ஓட்டமா என்று பார்க்க இரண்டு சோதனைகள் போதும். ரத்தத்தை உறையவைக்கும் நொதியான திராம்பின், மில்லிலிட்டருக்கு 1 யூனிட்: சில நிமிடங்களில் மின்தடை விழுந்து, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மீள வேண்டும். மீளாவிட்டால் செல் களைத்துப் போயிருக்கிறது. இஜிடிஏ 5 மில்லிமோலார்: கால்சியத்தைப் பறித்துச் சுவரைத் திறந்துவிடும், உங்கள் அளவீட்டின் அடித்தளம் எது என்று அதிலிருந்து தெரியும்.

இனி டோஸ். வளர்ப்பு ஊடகத்திலேயே நச்சை ஊற்றுவதுதான் பரவலான தவறு. ஹூவெக்குக்குப் பெரும்பாலோர் வாங்கும் ஈஜிஎம்-2 ஊடகத்தில் 2 சதவீதம் சீரம், ஹைட்ரோகார்ட்டிசோன், ஹெப்பாரின், அஸ்கார்பிக் அமிலம் எல்லாம் இருக்கின்றன. சீரத்தின் அல்புமின் காட்மியத்தையும் பாதரசத்தையும் பிஎஃப்ஓஎஸ் போன்ற ஃபுளோரின் சேர்மங்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைவிட மறைவான எதிரி அஸ்கார்பிக் அமிலம். ஆறு இணைதிறன் குரோமியம் செல்லுக்குள் சல்பேட்டுக்கான வழியில் நுழைந்து கேடு செய்யும். வெளியிலேயே அஸ்கார்பிக் அமிலம் அதை மூன்று இணைதிறன் குரோமியமாக ஒடுக்கிவிட்டால், அது செல்லுக்குள் எளிதில் போகாது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவிலிருந்து வரும் நீரைச் சோதிக்கும் ஆய்வகம், ஈஜிஎம்-2-இல் கலந்து ஊற்றி 'செல்லுக்குப் பாதிப்பில்லை' என்று எழுதினால், அது ஊடகத்தைப் பற்றிய முடிவு, நீரைப் பற்றியது அல்ல. தோல் பதனிடும் தொட்டியில் பயன்படுவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியம், குரோமேட் ஆலையிலிருந்து வருவது ஆறு. மாதிரி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் டோஸ் போடுவதில் பொருளில்லை.

எனவே ஊற்றுவதற்கு முன் அஸ்கார்பிக் அமிலம் சேர்க்காத அடிப்படை ஊடகம், அதில் 0.5 முதல் 1 சதவீதம் சீரம், குழிக்கு 300 மைக்ரோலிட்டர் என்று மாற்றி, கோடு மீண்டும் மட்டமாகும் வரை இரண்டு முதல் நான்கு மணி நேரம் விடுங்கள். பிறகு நான்கு மடங்கு செறிவில், 37 டிகிரிக்குச் சூடாக்கிய 100 மைக்ரோலிட்டரைக் குழியின் சுவரோரமாக மெல்ல விடுங்கள். மின்முனைக்கு மேலே நேராகப் பீய்ச்சினால் செல் பெயர்ந்து, அதையே நச்சின் விளைவு என்று படிப்பீர்கள். எப்படி விட்டாலும் முதல் 15-30 நிமிடம் கோட்டில் கொம்பு போல ஒரு திடீர்க் குதிப்பு வரும், வெப்பமும் அலையும் காரணம். வெறும் கரைப்பான் விட்ட குழியிலும் அதே கொம்பு வரும் என்பதால் அதைக் கழித்துப் பாருங்கள். கரைப்பான் டிஎம்எஸ்ஓ என்றால் 0.1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

எடை போடும்போது கவனிக்க வேண்டியவை: காட்மியம் குளோரைடு நீரற்றது 18.3 மில்லிகிராமை 10 மில்லிலிட்டரில் கரைத்தால் 10 மில்லிமோலார். சோடியம் ஆர்சனைட் 13 மில்லிகிராம், அதே 10 மில்லிலிட்டர், அதே செறிவு. பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு குரோமியம், 29.4 மில்லிகிராமை 10 மில்லிலிட்டரில் கரைத்தால் டைகுரோமேட் 10 மில்லிமோலார், குரோமியம் 20. எதைக் குறிப்பிடுகிறோம் என்று எழுதாத அட்டவணைகளால் டோஸ் இரண்டு மடங்கு பிசகிப் போவது அடிக்கடி நடக்கிறது. ஆர்சனைட்டை அன்றன்று கரையுங்கள், வைத்திருந்தால் காற்றில் ஆர்சனேட்டாக மாறும். ஆர்சனேட், பாஸ்பேட் போகும் வழியில்தான் செல்லுக்குள் போகும், பாஸ்பேட் நிறைந்த ஊடகத்தில் அது வீரியம் காட்டாது. மிகக் குறைந்த செறிவில் ஆர்சனைட் எண்டோதீலியல் செல்களைப் பெருகத் தூண்டவும் செய்யும். குறைந்த டோஸில் மின்தடை விழவில்லை என்பதை 'பாதுகாப்பு' என்று படிக்காதீர்கள்.

மின்முனை தங்கம் என்பதால் வரும் தனிப் பிரச்சினைகளை விளம்பரத் தாளில் தேடிப் பார்க்க வேண்டும். காற்றுள்ள சயனைடு கரைசல் தங்கத்தைக் கரைக்கும். சுரங்கத்தில் தங்கம் பிரிப்பதே அப்படித்தான். பாதரசம் தங்கத்தோடு சேரும். மெல்லிய படலமாகப் பூசிய மின்முனையில் இவை செல்லைத் தொடாமலே மின்தடை எண்ணை மாற்றக்கூடும். தீர்வு சிக்கலில்லை: செல் இல்லாத, பூச்சு மட்டும் உள்ள குழியில் அதிகபட்ச டோஸை ஊற்றி 24 மணி நேரம் ஓட்டுங்கள். கோடு நகர்ந்தால் அந்தப் பொருளுக்கு இந்தக் கருவி பொருந்தாது. இந்தக் கட்டுப்பாட்டுக் குழி இல்லாத முடிவை ஏற்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

அக்ரோலின் தனி அத்தியாயம். புகையிலும் பிளாஸ்டிக் எரியும்போதும் ரசாயன ஆலைகளிலும் வரும் இந்த ஆல்டிஹைடு 53 டிகிரியில் கொதிக்கும், அதாவது 37 டிகிரி இன்குபேட்டரில் குழியை விட்டுக் கிளம்பிக்கொண்டே இருக்கும். அதே தட்டின் அடுத்த குழியில் போய்க் கரையும். கட்டுப்பாட்டுக் குழிகளின் மின்தடையும் மெல்ல மெல்ல இறங்கினால், அதுவும் டோஸ் குழிக்குப் பக்கத்தில் இருப்பவை முதலில் இறங்கினால், காரணம் இதுதான். கட்டுப்பாட்டுக்கு வேறு தட்டு வையுங்கள்; குழிகளைப் படலத்தால் மூடுங்கள்; மூடினால் கார்பன் டை ஆக்சைடு போய்வராது என்பதால் அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் ஹெப்பஸ் 25 மில்லிமோலார் சேர்த்த ஊடகம் வேண்டும். தூய அக்ரோலின் 6.7 மைக்ரோலிட்டரை 1 மில்லிலிட்டராக்கினால் சுமார் 100 மில்லிமோலார் வரும். இதைக் கலக்குவது வெளிக்காற்றுக்கு இழுக்கும் புகைக்கூண்டில். செல் வேலைக்கான கேபினெட்டில் அல்ல. அந்தக் கேபினெட்டின் ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது, காற்றைத் திரும்ப அறைக்கே அனுப்பும்.

ஆல்டிஹைடுகளில் இன்னொரு ஏமாற்று வேலை உண்டு. ஃபார்மால்டிஹைடு போன்றவை அதிக டோஸில் செல் புரதங்களைக் குறுக்காகப் பிணைத்துவிடும். செல் செத்து, ஆனால் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கும். மின்தடை அப்படியே இருக்கும். கோடு அழகாக மட்டமாகப் போகும். இங்கேதான் ஒற்றை மின்முனைத் தட்டு கை கொடுக்கும். உயிருள்ள செல் இடைவிடாமல் நெளிவதால் அந்தத் தட்டில் கோடு ஓயாமல் நடுங்கும். செல் உறைந்ததும் நடுக்கம் நின்றுவிடும். உயரம் மாறாமல் நடுக்கம் மட்டும் நின்ற கோடு, செத்த செல்லின் கோடு.

இப்போது அந்த இரண்டு அதிர்வெண்கள். 4000 ஹெர்ட்ஸ் மின்தடை இறங்குகிறது, 64000 ஹெர்ட்ஸ் மின்தேக்குத்திறன் அசையவில்லை: செல்கள் இடத்தில் இருக்கின்றன, இடைவெளி விழுந்திருக்கிறது. மின்தடை இறங்க, மின்தேக்குத்திறன் வெற்றுக் குழியின் எண்ணை நோக்கி ஏறுகிறது: செல்கள் பெயர்ந்து மின்முனை வெளியே தெரிகிறது, அதாவது சாவு அல்லது உரிதல். காட்மியத்தில் முதலாவது கட்டம் முன்னும் இரண்டாவது பின்னும் வருவதை ஒரே ஓட்டத்தில் பார்க்கலாம். 10 முதல் 100 மைக்ரோமோலார் வரை டோஸ் வரிசை வைத்தால் எந்தச் செறிவில் கசிவு மட்டும், எந்தச் செறிவில் சாவு என்று பிரித்துச் சொல்ல முடியும். இந்தக் கருவிக்குக் கொடுக்கும் பணம் இந்த ஒரு பிரிவினைக்காகத்தான். இன்னும் நுணுக்கமாக, பல அதிர்வெண் அளவீட்டிலிருந்து செல்களுக்கிடையேயான தடையையும் செல்லுக்கும் அடித்தளத்துக்கும் இடையேயான ஆல்பா எண்ணையும் மென்பொருள் பிரித்துத் தரும். அதற்கு அதே தட்டில் செல் இல்லாத குழியின் அளவு வேண்டும், செல் அடுக்கு முழுமையாக மூடியிருக்கவும் வேண்டும். பாதி உரிந்த அடுக்கில் அந்தக் கணக்கு எண் தரும், பொருள் தராது.

அதிகம் பேர் பயன்படுத்தாத வசதி ஒன்றும் இதில் இருக்கிறது. ஒற்றை மின்முனைத் தட்டில் வலுவான மின்னோட்டத்தைச் சில விநாடி செலுத்தி, மின்முனை மேல் இருக்கும் செல்களை மட்டும் கொல்லலாம். சுற்றியிருக்கும் செல்கள் உள்ளே நகர்ந்து காயத்தை மூடுவதை மின்தடை ஏறுவதில் பார்க்கலாம். கொல்லாத, கசியவும் விடாத டோஸில் கூடச் சில நச்சுகள் இந்த மூடுதலைத் தாமதப்படுத்தும். பிளாஸ்டிக் முனையால் கீறி அகலம் அளக்கும் பழைய முறையைவிட எல்லாக் குழியிலும் ஒரே அளவு காயம் கிடைப்பது பெரிய ஆதாயம்.

கருவி கைவிடும் இடங்கள். முதலாவது, வாயுக்கள். ஃபாஸ்ஜீன் தண்ணீரைத் தொட்ட நொடியிலேயே ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் சிதையும். அதை ஊடகத்தில் குமிழவிட்டு மின்தடை பார்த்தால் அமிலத்தைத்தான் சோதிக்கிறீர்கள். உண்மையான ஃபாஸ்ஜீன் விபத்தில் நுரையீரல் நீர்க்கோவை 24 மணி நேரம் கழித்துக்கூட வரலாம். அந்தத் தாமதத்தைத் திரவத்தில் மூழ்கிய குழியில் மீட்டெடுக்க முடியாது. குளோரின் ஊடகத்தின் அமினோ அமிலங்களோடு சேர்ந்து குளோரமீன்களாகிவிடும். 1984-இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டும் தண்ணீரோடு வினைபுரியும் பொருள்தான். இவற்றுக்கு, நுண்துளைச் சவ்வின் மேல் செல் வளர்க்கும் சவ்வுத் தட்டில், மேல்புறம் காற்றும் கீழ்ப்புறம் ஊடகமுமாக, காற்றைத் தொடும் எபிதீலியல் செல்லை மேலேயும் எண்டோதீலியல் செல்லை அடியிலும் வளர்ப்பதே வழி. ஈசிஸின் சாதாரணக் குழியில் அதற்கு இடமில்லை.

இரண்டாவது, உடலின் செல்லே நச்சாக மாற்ற வேண்டிய பொருள்கள். பிவிசி தயாரிக்கும் வினைல் குளோரைடு, கல்லீரலின் ரத்தக்குழாய்ச் செல்களில் ஆஞ்சியோசார்கோமா என்ற அரிய புற்றை உண்டாக்குகிறது என்பது 1974-இல் அமெரிக்காவின் லூயிவில் நகர ஆலைத் தொழிலாளர்களிடம் வெளிப்பட்டது. கேடு செய்வது வினைல் குளோரைடு அல்ல. கல்லீரல் நொதி அதை மாற்றி உருவாக்கும் குளோரோஎத்திலீன் ஆக்சைடு. ஹூவெக்கில் அந்த நொதி மிகக் குறைவு. ரத்தக்குழாய்ச் செல்லுக்கே புற்றுத் தரும் பொருள், ரத்தக்குழாய்ச் செல் சோதனையில் கோடு அசையாமல் தேறிவிடும்!

மூன்றாவது, மெல்லக் கொல்பவை. விஸ்கோஸ் ரேயான் ஆலைகளின் கார்பன் டைசல்பைடு தொழிலாளர்களின் மாரடைப்பு மரணங்களைக் கூட்டுவதை 1968-இல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. அது ஆண்டுக்கணக்கில் நடக்கும் பாதிப்பு. இரண்டு மூன்று நாள் ஓட்டத்தில் அது தெரியாது. தவிர அந்தப் பொருள் 46 டிகிரியில் கொதிப்பது, குழியில் தங்காது.

மாற்றுக் கருவிகள் பற்றிச் சுருக்கமாக. சவ்வுத் தட்டும் இரட்டைக் குச்சி மின்முனை மீட்டரும் மிக மலிவு. ஆனால் ஹூவெக்கின் டீர் (செல் அடுக்கின் குறுக்கேயான மின்தடை) அளவு சதுர சென்டிமீட்டர் கணக்கில் 10 முதல் 30 ஓம்தான். 12 மில்லிமீட்டர் சவ்வின் பரப்பு 1.12 சதுர சென்டிமீட்டர். 20 என்று வைத்தால் மீட்டரில் கூடுதலாகத் தெரிவது 18 ஓம், அதுவும் நூறு ஓமுக்கு மேல் இருக்கும் வெற்றுச் சவ்வின் எண்ணுக்கு மேலே. குச்சியை ஒரு மில்லிமீட்டர் சாய்த்தால் ஐந்து ஓம் மாறும். மூளை ரத்தக்குழாய்ச் செல்லுக்கு அது சரிப்படலாம், ஹூவெக்குக்கு ஒளிரும் டெக்ஸ்ட்ரான் (சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறு) கசிவையே நம்புங்கள். பணமில்லாத ஆய்வகத்துக்கு 70 கிலோடால்டன் டெக்ஸ்ட்ரானும் சவ்வுத் தட்டும் நேர்மையான வழி. கசிவை நேரடியாகவே காட்டுகிறது, நேரக்கோடு மட்டும் கிடைக்காது. எக்ஸ்செல்லிஜென்ஸ், 2018 முதல் அஜிலென்ட் வசம் இருப்பது, குழியின் அடியில் பெரும்பகுதியில் மின்முனை பரப்பியிருக்கிறது. நிறைய டோஸ், நிறையப் பொருள், எது எப்போது கொல்கிறது என்ற கேள்விக்கு ஈசிஸைவிட வசதி. ஆனால் அது தரும் 'செல் இண்டெக்ஸ்' என்ற ஒற்றை எண்ணிலிருந்து கசிவையும் உரிதலையும் பிரிப்பது கடினம்.

களத்தில் தூக்கிச் செல்ல முடியுமா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்க ராணுவத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகம் குடிநீரில் தொழிற்சாலை நச்சைக் கண்டறிய இதே தத்துவத்தில் கையடக்கக் கருவி செய்தபோது, முதலில் மாட்டின் நுரையீரல் ரத்தக்குழாய்ச் செல்களைத்தான் வைத்தது. பின்னர் ரெயின்போ டிரவுட் மீனின் செவுள் செல்லுக்கு மாறியது. பாலூட்டிச் செல்லுக்கு 37 டிகிரியும் அடிக்கடி ஊடக மாற்றமும் வேண்டும். மீன் செல் குளிரில் மாதக்கணக்கில் கவனிப்பின்றிக் கிடக்கும். ரத்தக்குழாய்ச் செல்லோடு ஈசிஸ் என்பது ஆய்வக மேசைக் கருவிதான்.

தட்டைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கன உலோகம் ஊற்றிய தட்டில் அதைச் செய்யாதீர்கள், தங்கத்தில் ஒட்டியது, செல்லைப் பெயர்த்தெடுக்கும் டிரிப்சின் நொதியால் போகாது. காட்மியம், ஆர்சனிக் ஊடகத்தைச் செல் கழிவோடு சேர்த்து ஆட்டோகிளேவில் போடவும் கூடாது. உலோகக் கழிவுக்குத் தனிப் புட்டி. சயனைடு இருந்த குழியில் பழக்க தோஷத்தில் பிளீச் ஊற்றினால் நச்சு வாயு வரும்.

வாங்குவதாக இருந்தால் செயல்முறை விளக்கத்துக்கு விற்பனையாளரின் செல்லை ஏற்காமல் உங்கள் ஹூவெக்கை, உங்கள் இன்குபேட்டரில் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். திராம்பின், இஜிடிஏ, 50 மைக்ரோமோலார் காட்மியம், செல் இல்லாத குழியில் காட்மியம் என்ற நான்கும் போதும். விலைப்பட்டியலில் கருவியைத் தனியாகவும், ஆண்டுக்குத் தேவைப்படும் தட்டுகளைச் சுங்கவரியோடு தனியாகவும் கேளுங்கள். ஒரு பொருளுக்கு ஐந்து டோஸ், ஒரு கரைப்பான் குழி, ஒரு செல் இல்லாத குழி, ஒரு இஜிடிஏ குழி என்றால் எட்டுக் குழித் தட்டு ஒன்று தீர்ந்தது. மூன்று முறை திரும்பச் செய்தால் பொருளுக்கு மூன்று தட்டு. ஆவியாகும் பொருளுக்குக் கட்டுப்பாட்டுத் தட்டு தனி, ஆக ஆறு. ஆண்டுக்கு நான்கைந்து பொருளுக்கு மேல் சோதிக்காத ஆய்வகம், கருவி வைத்திருக்கும் பக்கத்து நிறுவனத்தில் நேரம் வாங்கி, தட்டுக்கு மட்டும் செலவு செய்வது மேல்.